நெல்லைப் பக்கம் நிலம் வாங்க யார் யாரைப் பார்க்க வேண்டும்?

"நம்பகமான தரகர் நம்பர் கிடைக்குமா" என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியூரில் இருந்துகொண்டு தாமிரபரணிப் பாசனத்தில் அரை ஏக்கர் வயல் தேடுகிறீர்கள் போல. தரகர் இடத்தைக் காட்டுவார். பத்திரம் சரியா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. அவர் கூட்டிவரும் வக்கீல் உங்கள் வக்கீலும் இல்லை. (தரகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கிரயம் முடிந்தால்தானே கமிஷன்?)

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வில்லங்கம் (அந்த இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்), பட்டா, அ-பதிவேடு (சர்வே எண் வாரியாக நில விவரம் சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்படம் (அளவு வரைபடம்) நான்கையும் இணையத்திலேயே எடுத்துவிடலாம். வில்லங்கத்தில் இன்றைய சர்வே எண்ணை மட்டும் போட்டால் பாதிக் கதைதான் வரும். 112/3 உடைந்து 112/3ஏ2 ஆகியிருந்தால் தாய் எண்ணுக்கும் போட வேண்டும். கிராமம் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் பழைய ஆபீசிலும் தேட வேண்டும். கணினியில் ஏறாத வருஷங்களுக்குத் தனியாக மனு.

பரப்பில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பட்டாவில் 0.20.50 என்றால் இருபதரை ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு ஒரு ஏர்). ஒரு ஏருக்கு 2.47 சென்ட் என்று பெருக்கினால் ஐம்பதரைச் சென்ட் சொச்சம். பத்திரம் 54 என்று சொன்னால் மிச்சம் மூன்று சென்டுக்கு மேல் வாய்க்காலுக்குள்ளோ பக்கத்து வரப்புக்குள்ளோ கிடக்கும். பழைய பத்திரங்களில் "கோட்டை விதைப்பாடு", "மரக்கால் விதைப்பாடு" என்றிருக்கும்; அத்தனை விதை விதைக்கும் நிலம் என்ற பழைய கணக்கு. அதைக் குத்துமதிப்பாகச் சென்டாக்கி விலை பேசாதீர்கள். விற்பவரையே அளவைக் கட்டணம் கட்டச் சொல்லி, சர்வேயர் சங்கிலி பிடிக்கும் அன்று நான்குமால்காரர்களையும் (நாலு பக்கத்து நிலக்காரர்களையும்) நிற்க வையுங்கள்.

அடுத்து வி.ஏ.ஓ. அவரிடம் "நிலம் நல்லதா" என்று கேட்டால் "நல்லதுதான்" என்பார். அடங்கலில் (பயிர்க் கணக்குப் பதிவேட்டில்) சாகுபடி யார் பெயரில் என்று கேளுங்கள். இன்றைய பட்டா 1980-களின் யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) பதிவை ஒட்டியது, அதில் பெயர் மாறி ஏறிய நிலங்கள் உண்டு. அதனால் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டு நகல் அவசியம். அதில் தேவஸ்தானம், மடம், கட்டளை (கோயில் காரியத்துக்கு எழுதிவைத்தது) என்று ஒரு சொல் கண்ணில் பட்டாலும் அறநிலையத்துறை அலுவலகத்தில் விசாரிக்காமல் நகராதீர்கள். நிபந்தனைப் பட்டா (அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம்) என்றால் யார் வாங்கலாம் என்பதற்கே கட்டுப்பாடு உண்டு.

எந்த ஆபீசிலும் கிடைக்காத சங்கதி பக்கத்து வயல்காரரிடமும் தண்ணீர் பாய்ச்சுகிறவரிடமும் இருக்கும். பாட்டத்துக்கு (குத்தகைக்கு) உழுகிறவர் இருக்கிறாரா, மடை யார் வயல் வழியாக வருகிறது, அறுப்பு மெஷின் இறங்கப் பாதை உண்டா என்று கேளுங்கள். குத்தகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; கிரயம் முடித்துவிட்டு அவரை எழுப்ப முடியாது.

வக்கீல் சிவில் பார்ப்பவராக, உங்கள் காசில் வருபவராக இருக்கட்டும். முப்பது வருஷத் தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரங்கள்) எல்லாரும் பார்ப்பார்கள். விட்டுப்போவது பெண்மக்கள் கையெழுத்து. இந்துத் தகப்பனார் சுயார்ஜிதத்துக்கு (தானே சம்பாதித்த சொத்துக்கு) உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மகள்களுக்கும் சம பங்கு. பம்பாயில் கட்டிக்கொடுத்த அக்கா பெயர் வாரிசுச் சான்றில் இருக்கிறதா என்று ஊரில் இரண்டு பேரிடம் விசாரியுங்கள். அந்தப் பங்கு வில்லங்கத்தில் வராது. பதியாத உயிலும் வராது.

கேட்காத ஒன்று: நாலுவழிச்சாலை ஓரம் கொடி நட்டு, வேன் வைத்து, பிரியாணி போட்டு மனை விற்கிறார்களே, அவர்களிடம் ஊரமைப்புத் துறை ஒப்புதல் எண் கேட்டால் "அப்ளை பண்ணியாச்சு சார்" என்கிறார்கள். அப்ளை பண்ணியதற்கெல்லாம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.