'ஐஸ்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஒருவரைப் புகழ்ந்து பேசுவதை ஏன் 'ஐஸ் வைப்பது' என்கிறோம்?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். ஐஸ் நமக்குத்தான் இரவல் சொல், ஆங்கிலத்துக்கு அது பூர்வீகச் சொத்து. ஆங்கிலத்தில் பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்து குடியேறிய சொற்கள் ஏராளம். இது அந்தக் கூட்டத்தில் சேராது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இதை 'ஈஸ்' என்றார்கள். ஸ்வீடன், நார்வேக்காரர்கள் இன்றைக்கும் ஈஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஜெர்மன் மொழியில் நம்மைப் போலவே ஐஸ். ஐஸ்லாந்து மக்களைக் கேட்டால் தங்கள் நாட்டை 'ஈஸ்லாந்து' என்பார்கள். எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 15-ஆம் நூற்றாண்டு தொடங்கி ஆங்கிலத்தில் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் மாறின. அந்தக் கலகத்தில்தான் ஈஸ், ஐஸ் ஆனது.

எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் ஒன்று. வடக்கு ஐரோப்பாவில் கல்லிலும் மரத்திலும் கீறி எழுதிய ரூன் எழுத்துகள் உண்டு. அதில் 'இ' ஒலிக்கு உரிய எழுத்தின் பெயரே ஈஸ். அதன் வடிவம் செங்குத்தாக ஒரே ஒரு கோடு, அவ்வளவுதான். பனிக்காலத்தில் கூரை விளிம்பிலிருந்து ஊசி போல உறைந்து தொங்குமே, அதை அப்படியே எடுத்து வைத்தது போல எனக்குத் தோன்றும். அந்த ஊசிக்கு ஆங்கிலத்தில் 'ஐசிக்கிள்' என்று பெயர். அந்தச் சொல்லின் பின்பாதியும் பழைய காலத்தில் உறைந்து தொங்கும் அந்தப் பனியையே குறித்ததுதான். அதன் பொருள் மறந்துபோகவே, முன்னால் ஐஸைத் திரும்பவும் ஒட்டிவிட்டார்கள். நாம் 'நடு சென்டர்' என்கிறோமே, அதே கதை. 'ஐஸ்பெர்க்' டச்சு மொழி வழியாக வந்தது, 'பெர்க்' என்றால் மலை. அவர்கள் மலை என்றதை நாம் பனிப்பாறை என்கிறோம்.

சரி, தமிழுக்கு வருவோம். நம் ஊரில் தண்ணீர் தானாக உறைந்து யார் பார்த்தார்கள்? வானத்திலிருந்து விழுந்தால்தான் உண்டு. அதற்கு மட்டும் நம்மிடம் சொந்தப் பெயர் இருந்தது: ஆலி, ஆலங்கட்டி. 'பனி' என்பது புல் நுனியில் நிற்கும் துளி. மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி என்று வருஷத்தில் நாலு மாதத்துக்கே அதன் பெயரைக் கொடுத்திருக்கிறோம். பனித்தல் என்றால் நடுங்குவது. கண் பனித்தது என்றால் கண்ணில் நீர் கோத்தது. இத்தனை நயமான சொல்லோடு ஒரு கட்டியைச் சேர்த்துப் பனிக்கட்டி என்று ஆக்கினோம். நல்ல சொல்தான், பாடப்புத்தகத்தில் உறுத்தாது. ஆனால் சர்பத் கடையில் நின்று 'கொஞ்சம் பனிக்கட்டி போடுங்கண்ணே' என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஐயா, அம்மாவைப் பெற்றவர், பினாங்கில் ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் தொழில் கடையில், அடுத்தாளாக, மேலாளுக்கு அடுத்த நிலை ஊழியராக இருந்தவர். ஊர் திரும்பி செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் தங்கிவிட்ட பிறகும் அவர் வாயில் மலாய் சொற்கள் மிச்சமிருந்தன. முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தபடி என்னிடம், "ஆத்தா, ஆயர் பத்து போட்டுத் தண்ணி கொண்டா" என்பார். ரொம்ப நாள் பத்துத் துண்டு கேட்கிறார் என்றே நினைத்து எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் சொன்னார்: "ஆயர்னா தண்ணி, பத்துன்னா கல்லு. கல்லுத் தண்ணி." பத்துமலை முருகன் கோவிலின் 'பத்து'வும் இதே கல்தான். மலாய்க்காரர்களும் நம்மைப் போல வெயிலில் பிறந்தவர்கள். தங்கள் ஊரில் உறையாத பொருளுக்கு, பார்த்ததை வைத்துப் பெயர் கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் பேச்சில் 'ஆயிஸ்' என்று ஆங்கிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நாம் செய்தது அதேதான்.

நம் பக்கம் இந்தச் சொல் பொருளோடு சேர்ந்தே கப்பலில் வந்தது. பாஸ்டன் நகரத்து ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து ஏற்றுமதி செய்தார். 1833-இல் கல்கத்தாவுக்கு முதல் சரக்கு 180 டன் ஏற்றினார்கள். நாலு மாதப் பயணத்தில் கரைந்தது போக சுமார் 100 டன் வந்து சேர்ந்தது. பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து வந்த ஐஸ்! சென்னைக்கு வந்த சரக்கைச் சேமிக்க 1842-இல் கடற்கரையை ஒட்டி ஒரு கட்டிடம் எழுப்பினார்கள். அதுதான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் வந்து தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லம். சுற்று வட்டாரம் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான். இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குக் காரைக்குடியிலிருந்து பார் ஐஸ் வரும். சாக்கைப் பிரித்தால் முதலில் மரத்தூள் வாசனை. தண்ணீர் ஊற்றித் தூளைக் கழுவியதும் உள்ளே தெரிவது இரண்டு விதமான ஐஸ். ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் மட்டும் பால் போல வெள்ளை. அதற்குக் காரணம் பின்னால்தான் தெரிந்தது. வெளியிலிருந்து உள்ளே உறைந்துகொண்டு போகும்போது, தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் உப்புகளும் நடுவுக்குத் தள்ளப்பட்டு அங்கே சிறைப்பட்டுவிடுகின்றன. உலக்கையின் பூண் பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டினால் அந்த வெள்ளை வழியாகத்தான் பிளக்கும். தெறித்த சில்லுகளுக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். வளவின், அதாவது வீட்டு உள்முற்றத்தின், நடுவே சித்திரை வெயில் கொளுத்தும்போது, உள்ளங்கையில் ஒரு சில்லை வைத்து அது கரைந்து முழங்கை வரை வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பெரியவர்களுக்கு நன்னாரி சர்பத்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஆங்கிலத்தில் ஐஸ் என்பது மனிதர்களுக்கு நடுவே விழும் பூட்டு. முன்பின் தெரியாதவர்கள் பேசாமல் இறுகி உட்கார்ந்திருந்தால் 'ஐஸை உடைக்க வேண்டும்' என்பார்கள். அன்பில்லாத பார்வை ஐஸ் பார்வை. அவர்களுக்குக் குளிர் என்பது கதவைச் சாத்த வைக்கும் விஷயம், ஆற்றில் படகை நிறுத்தும் விஷயம். நமக்கோ குளிர்ச்சிதான் சுகம். மனம் குளிரப் பேசினார், வயிறு குளிர வாழ்த்தினார், உச்சி குளிர்ந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல, ஐஸ் வருவதற்கு முன்பே நம்மிடம் ஏற்பாடு இருந்தது. 'உச்சி குளிர்ந்தது' என்ற மொழியில் ஐஸ் என்ற பொருள் வந்து இறங்கினால் அது எங்கே போய் உட்காரும்? தலையில்தான். 'தலையில் ஐஸ் வைக்கிறான்' என்று நாம் சொல்வது இப்படித்தான் பிறந்திருக்கும் என்பது என் கணிப்பு. சொல் ஆங்கிலம், பொருள் முழுக்க நம்முடையது. இதை எந்த ஆங்கிலேயரிடம் அப்படியே சொன்னாலும் புரியாது.

ஆங்கிலத்தில் பேச்சுவழக்கில் வைரத்துக்கும் ஐஸ் என்று பெயர் உண்டு. அந்த அர்த்தம் இங்கே ஒட்டவில்லை, எங்கள் பக்கத்து ஆச்சிகளின் வைரத்தோட்டுக்கு அந்தப் பெயர் தேவைப்படவும் இல்லை.

எங்கள் ஆயா, அம்மாவின் அம்மா, வெள்ளைப்பணியாரம் சுடும்போது பக்கத்தில் போய் நின்று, "இந்த மாதிரி யாருக்கும் வராது ஆயா" என்பேன். "எனக்கே ஐஸ் வைக்கிறியா ஆத்தா?" என்று கேட்டுக்கொண்டே, எண்ணெய் வடிந்துகொண்டிருந்த தட்டிலிருந்து ஓரம் மொறுமொறுத்த பணியாரமாகப் பார்த்து எடுத்து என் கையில் வைப்பார். ஐயா முகப்பிலிருந்து, "எனக்கும் ரெண்டு" என்பார்.