ஆற்று மணலை விட்டு வர மறுக்கும் பூனை

கேள்வி: செங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கருத்தடை செய்த மூன்று வயது ஆண் பூனை ஒன்று வளர்க்கிறோம். இதுவரை அது மலமும் சிறுநீரும் கழிக்கும் ட்ரேயில் ஆற்று மணல்தான் போட்டுவந்தோம். சாரல் தொடங்கியதும் மணல் காயாமல் நாற்றமடிக்கவே, என் கணவர் புனலூரிலிருந்து மரத்தூளை அழுத்திச் செய்த, சிறு குச்சிகளைப் போன்ற லிட்டரை (பூனை கழிப்பதற்காக ட்ரேயில் நிரப்பும் பொருளை) வாங்கிவந்தார். மணலைக் கொட்டிவிட்டு, ட்ரேயைப் பினாயில் ஊற்றிக் கழுவி, புதியதை நிரப்பினோம். பத்து நாட்களாக மலம் மட்டும் ட்ரேயில் போகிறது. சிறுநீரைத் துவைக்கப் போட்ட துணியிலும் கால்மிதியிலும் கழித்துவிடுகிறது. எப்படிப் பழக்குவது?

பதில்: பழக்குவதைப் பற்றிப் பேசும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். துணியில் கிடக்கும் சிறுநீர் வழக்கமான அளவில் இருக்கிறதா, அல்லது சொட்டுச் சொட்டாக இருக்கிறதா? ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. படிகங்களோ சளி போன்ற அடைப்போ அதில் சிக்கிக்கொள்வது அரிதன்று. பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்குவது, கத்துவது, குறியை ஓயாமல் நக்குவது, சிறுநீரே வராமல் எழுந்துபோவது ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால், லிட்டரைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். முழு அடைப்பு ஏற்பட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாட்களில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அடைப்பு இல்லாவிட்டாலும், இத்தனை நாள் ட்ரேக்கு வெளியே போயிருப்பதால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

சிறுநீர் தாராளமாகப் போகிறது, பூனை சாப்பிடுகிறது, விளையாடுகிறது என்றால், அது தேர்ந்தெடுத்த இடங்களைக் கவனியுங்கள். துணிக்குவியல், கால்மிதி: இரண்டும் மெத்தென்றவை. வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்தில் வாழும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தோண்டினால் எளிதில் விலகும் நுண்ணிய மண்ணில் சிறுநீர் கழித்து மூடுவது அதன் வழியில் வந்த இயல்பு. பெரும்பாலான பூனைகள் மணலைப் போன்ற பொடியான, வாசனை சேர்க்காத லிட்டரையே விரும்புகின்றன. மூன்றாண்டுகள் ஆற்று மணலில் நின்று பழகிய பாதத்துக்கு மரத்தூள் குச்சிகள் சரளைக் கல்லின் மேல் ஏறி நிற்பதைப் போலத்தான் இருந்திருக்கும்.

நீங்கள் ஒரே நாளில் மூன்று மாற்றங்களைச் செய்திருக்கிறீர்கள். பாதத்துக்குப் பழகிய பொருள் போயிற்று. இது என் இடம் என்று பூனைக்கு உணர்த்திய அதன் சொந்த வாடை போயிற்று. அந்த இடத்தில் பினாயிலின் நெடி வந்து உட்கார்ந்துகொண்டது. பினாயில் வெறும் நாற்றப் பிரச்சினையும் அன்று. அதில் இருக்கக்கூடிய பீனால் வகைப் பொருட்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை அது நக்கித்தான் சுத்தம் செய்யும். எனவே ட்ரேயை மட்டுமல்ல, பூனை நடமாடும் தரையையும் பினாயிலால் துடைக்க வேண்டாம். சாதாரணச் சோப்பும் வெந்நீரும் போதும்.

இப்போது செய்ய வேண்டியது, மணலைத் திரும்பக் கொண்டுவருவதுதான். தோல்வியாகத் தோன்றலாம், ஆனால், துணியில் கழிப்பது வழக்கமாக ஊறிவிடுவதற்குள் பூனையை ட்ரேக்கு மீட்பதே முதல் வேலை. நன்கு காய்ந்த மணலை ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டு, அதன் சிறுநீர் பட்ட பழைய துணியின் ஒரு சிறு துண்டை முதல் இரண்டு நாள் அதன் ஓரத்தில் வையுங்கள். ட்ரேயைப் பால்கனியில் வைத்திருந்தால் உள்ளே எடுத்துவிடுங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் வந்து அடிக்கும் மாதங்களில் வெளியே எந்த லிட்டரும் உலர்ந்திருக்காது. துணிக்கூடைக்கு மூடி போடுங்கள். கால்மிதியைச் சில வாரங்களுக்கு எடுத்துவையுங்கள். கறைபட்ட துணியை என்சைம் சேர்ந்த சலவைத்தூளில் ஊறவையுங்கள். அமோனியா கலந்த துப்புரவுப் பொருள் சிறுநீரின் வாடையையே நினைவூட்டும் என்பதால் அதைத் தவிருங்கள். அடிப்பதோ மூக்கைப் பிடித்துக் கறையில் தேய்ப்பதோ கூடாது. அதிலிருந்து பூனை கற்றுக்கொள்வது உங்கள் கண்ணில் படாமல் கழிப்பதை மட்டுமே.

ஒரு வாரம் தவறாமல் மணலுக்கு வந்த பிறகு, இரண்டாவது ட்ரே ஒன்றை வாங்கிச் சற்றுத் தள்ளி வையுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு ட்ரே என்பது எப்படியும் நல்ல கணக்கு. புதிய லிட்டரை அதில் தனியே போட்டு, மணல் ட்ரேயைத் தொடாமல் விடுங்கள். தானாகவே அதில் கால் வைத்துப் பார்க்கும் பூனைகள் உண்டு. வைக்கவில்லையென்றால் கலப்பு முறைக்குப் போகலாம். குச்சிகளை அப்படியே கலக்காதீர்கள். சிறிது வெந்நீர் தெளித்தால் அவை உதிர்ந்து பொலபொலவென்ற மரத்தூளாகிவிடும். அதைத் தட்டில் பரப்பி உலர்த்தி, மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்காகச் சேருங்கள். நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை தூளின் பங்கைக் கூட்டி, தூளுக்கு முற்றிலும் பழகிய பின் குச்சிகளைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேருங்கள். இடையில் ஒருமுறை வெளியே கழித்தாலும் முந்தைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

என்னைக் கேட்டால், குச்சிகளோடு இவ்வளவு மல்லுக்கட்டுவதைவிடக் கட்டியாகும் பென்டோனைட் களிமண் லிட்டருக்கு மாறுவது எளிது. குஜராத்தின் கட்ச் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் களிமண் இவ்வகையைச் சேர்ந்தது. ஈரம் பட்ட இடம் மட்டும் உப்பி உருண்டையாவதால் அள்ளிப் போடுவது சுலபம். பாதத்துக்கு மணலுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்கி, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். கீழே எதையும் தின்று பார்க்கும் சிறு குட்டிகள் இருக்கும் வீட்டுக்கு மட்டும் இது வேண்டாம். கழிப்பறையில் ஒருபோதும் கொட்டாதீர்கள். குழாய்க்குள் உப்பி அடைத்துக்கொள்ளும்.

செலவு குறைவு என்று மர அறுவை ஆலைத் தூளை வாங்கிவருவோர் நம் பக்கத்தில் உண்டு. என்ன மரம், என்ன மருந்து பூசியது என்று தெரியாத தூளை நான் பரிந்துரைப்பதில்லை. சில மரங்களின் தூள் தோலையும் மூச்சையும் உறுத்தும். தென்னை நார்க்கழிவு மென்மையானதுதான். ஆனால், காலில் ஒட்டிக்கொண்டு வீடெங்கும் நடந்துவரும்.

எந்த லிட்டராயினும் தினமும் அள்ளுங்கள். பூனை மலத்தில், கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி இருக்குமானால், அது வெளிவந்து ஒன்று முதல் ஐந்து நாட்களில்தான் தொற்றும் நிலையை அடைகிறது. வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் இந்த வேலையை உங்கள் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பூனை மணலையே கேட்டால் மணலையே கொடுங்கள். வெயில் நாட்களில் சலித்துக் காயவைத்து இரண்டு மூன்று டின்களில் நிரப்பிவைத்துக்கொண்டு, சாரல் மாதங்களில் ட்ரேயில் கொஞ்சமாகப் போட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றினால், இப்போது உங்களை விரட்டிய நாற்றம் வராது.