உறைபனிப் படமும் நகராட்சித் தீர்மானமும்

கேள்வி: மலைகளின் அரசியான உதகையில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். நாளிதழில் நீலகிரிக்கென்று கிடைப்பது அரைப் பக்கம். மீதியை வாட்ஸ்அப்பில் வருவதை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொந்த ஊரில் நடப்பதை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள என்ன வழி?
— ஒரு வாசகர், கோடப்பமந்து

பதில்: கேள்வி நியாயமானது. ஆனால் அதன் முதல் இரண்டு சொற்களைப் படித்ததுமே என் கை சிவப்பு மையைத் தேடியது. 'மலைகளின் அரசி' என்ற தொடரை இந்தப் பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளிலிருந்து நான் நெடுங்காலமாக அடித்து வருகிறேன். நாளிதழ்களின் கோவைப் பதிப்புகள் அதே விடாப்பிடியோடு அச்சிட்டு வருகின்றன. குடிநீர்க் குழாய் உடைந்தாலும் 'மலைகளின் அரசி என்றழைக்கப்படும் ஊட்டியில்'தான் உடைகிறது. குதிரை நடுச்சாலையில் படுத்துப் போக்குவரத்தை நிறுத்தினாலும் அரசியின் சாலையில்தான் படுக்கிறது. கொடைக்கானலுக்கு இளவரசிப் பட்டம் கொடுத்தாகிவிட்டது. ஏற்காட்டுக்கோ 'ஏழைகளின் ஊட்டி' என்று பெயர் வைத்து, அரச குடும்பத்தில் இடமில்லை என்பதைச் சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். வம்சாவளி இப்படி வளர்ந்துகொண்டே போனால் கோத்தகிரியை யாருக்கு மணமுடித்துக் கொடுப்பது என்ற கவலையும் எனக்கு உண்டு.

இது வெறும் நடையழகுச் சண்டையன்று. காந்தலில் குடியிருப்பவருக்குத் தம் ஊர் மலைமேல் இருக்கிறது என்பதைக் காலைதோறும் யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தத் தொடர் கீழேயிருந்து மேலே வரப்போகிறவருக்காக எழுதப்படுகிறது. செய்தியும் பெரும்பாலும் அவருக்காகவே எழுதப்படுகிறது. டிசம்பர் பிறந்தால் குதிரைப் பந்தய மைதானத்து உறைபனிப் படம் நாலு பத்தி அகலத்துக்கு வரும், 'சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்' என்ற வரியோடு. அந்தப் பனியில் எந்தெந்த ஊர்களில் தேயிலை கருகியது, இலை வரத்து குறைந்ததால் கூலியாட்களுக்கு எத்தனை நாள் வேலை போனது என்பதெல்லாம் பக்கத்தில் இடமிருந்தால் வரும். மலர்க் கண்காட்சியில் எத்தனை ஆயிரம் தொட்டிகள் என்பதைத் தவறாமல் சொல்கிற பத்திரிகை, தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலைக் குறைந்தபட்ச விலையை மூன்று வரியில் முடித்துவிடுகிறது. இங்குள்ள ஆயிரக்கணக்கான சிறு விவசாயக் குடும்பங்களுக்கு அந்த மாத அரிசி, பள்ளிக் கட்டணம், கடன் தவணை எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தவை.

இதற்காக உள்ளூர் நிருபரை நான் குறை சொல்லமாட்டேன். செய்தியோடு சிறப்பு மலருக்கு விளம்பரமும் திரட்டித் தர வேண்டிய நிலையில்தான் பலர் இருக்கிறார்கள். விளம்பரம் கொடுத்த விடுதியின் கழிவுநீர் எந்த ஓடையில் கலக்கிறது என்று அவர் எழுதுவார் என எதிர்பார்ப்பது, அவருடைய நெஞ்சுரத்தின்மீது நாம் வைக்கும் அநியாயமான சுமை.

வாட்ஸ்அப்பைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. எங்கோ எடுத்த சிறுத்தைப் படம் 'குன்னூரில் இன்று காலை' என்று வரும். மழைக்காலத்தில் பழைய மண்சரிவுப் படம் ஒன்று பர்லியாறு சாலையை மூடிவிடும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டிய மழையையும் பார்த்தவர்கள் நாம். அத்தகைய நாட்களில் படத்தை நாலு பேருக்கு அனுப்புவதற்கு முன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் பேசிக் கேட்டுவிடுவது நல்லது.

நீங்கள் கேட்ட வழிக்கு வருகிறேன். ஊரைப் பற்றிய முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றனவோ அங்கே உள்ள காகிதத்தைப் படியுங்கள். நகர்மன்றக் கூட்டம் நடந்த மறுநாள் 'காரசார விவாதம், வெளிநடப்பு' என்று படிக்கிறோம். வெளிநடப்புக்குப் பிறகு உள்ளே எத்தனை தீர்மானங்கள் நிறைவேறின, எந்த வார்டு மழைநீர் வடிகாலுக்கு எத்தனை லட்சம் ஒதுக்கினார்கள் என்பது அந்தச் செய்தியில் இராது. கூட்டப்பொருளிலும் தீர்மானப் புத்தகத்திலும் இருக்கும். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளை விளம்பரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். என்னைக் கேட்டால், அந்தப் பக்கத்திலேயே அவைதாம் உண்மையான ஊர்ச் செய்தி. உங்களுடைய ஹட்டி (படகர் சிற்றூர்) ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் உண்டு. 2025 ஜனவரி 5-இல் நம் மாவட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்களே, தலைவரில்லாத அப்படிப்பட்ட காலத்தில்தான் அங்கே போய் வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேட்பது கூடுதல் அவசியம்.

நீதிமன்றத்தையும் கவனியுங்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணையவழி நுழைவு அனுமதி வந்ததும், அடுத்த ஆண்டுக் கோடையில் உதகைக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வந்ததும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால். நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 வண்டிக்கு இ-பாஸ் வேண்டாம் என்பதைத் தெரிந்துகொண்டதோடு நம்மில் பலர் அந்த வழக்கை மறந்துவிட்டோம். மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது அதே வழக்கில்தான். நம் தண்ணீரையும் சாலையையும் எடைபோடும் அந்த ஆய்வைப் பற்றி அரைப் பக்கத்தில் நாம் படித்தது எவ்வளவு?

காகிதத்தைத் தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. கேள்வியை 'ஏன்' என்று தொடங்காதீர்கள். 'நகல் தருக' என்று முடியுங்கள். முதல் விண்ணப்பமாக, சென்ற மூன்று நகர்மன்றக் கூட்டங்களின் தீர்மான நகல்களைக் கேளுங்கள். கிடைத்தால் எங்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள். ஒரு வரி வெட்டாமல் வெளியிடுகிறேன், அதற்காக அந்த மாதம் இந்தக் கேள்வி-பதில் பகுதியை நிறுத்த வேண்டியிருந்தாலும் சரி.