முறையாகப் பயிற்சி எடுத்த டைவர்களும் நீர்க்குகைக்குள் இறந்துபோவது ஏன்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குகை டைவர் இல்லை. ஜாக்சன்வில்லில் வேலை பார்த்த காலத்தில் திறந்த நீரில் மட்டும் டைவ் செய்ய அனுமதிக்கும் ஆரம்பநிலை ஓபன் வாட்டர் சான்றிதழ் வாங்கி, இருபது இருபத்தைந்து தடவை தண்ணீருக்குள் போயிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வடக்கு ஃபுளோரிடாவின் ஊற்றுக் குகைகளுக்குப் போய்விடலாம். அவற்றில் ஒன்றான ஜின்னி ஸ்பிரிங்ஸில் ஒரு விதி உண்டு: குகைச் சான்றிதழ் இல்லாதவர்கள் அங்கிருக்கும் டெவில்ஸ் ஊற்றுகளில் இறங்கலாம், ஆனால் டார்ச் கொண்டுபோகக் கூடாது. கேட்டதும் எரிச்சல்தான் வந்தது. இருட்டுக்குப் பக்கத்தில் போகிறவனிடம் விளக்கைப் பிடுங்குவது என்ன நியாயம்?

இறங்கின பிறகு புரிந்தது. டெவில்ஸ் ஐ என்பது கிணறு மாதிரி ஒரு துளை. ஆறு மீட்டர் ஆழம் இருக்கும், தண்ணீர் கண்ணாடி, அடிமணல் வரை வெயில் விழுகிறது. பக்கவாட்டில் மட்டும் கறுப்பாக ஒரு வாய், அதிலிருந்து வரும் நீரோட்டம் முகத்தில் மோதுகிறது. கையில் டார்ச் இருந்திருந்தால் 'சும்மா ரெண்டு அடி' என்று கட்டாயம் நுழைந்திருப்பேன், அது எனக்கே தெரிகிறது.

சரி, அது என்னை மாதிரி ஆட்கள் கதை. கேள்வி பயிற்சி எடுத்தவர்களைப் பற்றியது. கடலில் என்ன தப்பு நடந்தாலும் கடைசிக்கு மேலே போய்விடலாம் என்று ஒரு வழி இருக்கிறது. குகையில் தலைக்கு மேலே பாறை. 300 மீட்டர் உள்ளே போனவர் அதே 300 மீட்டரைத் திரும்பி நீந்தி வந்தால்தான் வெளிக்காற்று. நடுவில் எது உடைந்தாலும் அங்கேயே, மிச்சமிருக்கும் காற்றுக்குள்ளேயே சரிசெய்ய வேண்டும்.

இந்தக் காற்றுக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. சேர்ந்து போகும் இருவரின் சிலிண்டரிலும் 210 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது என்றால் 70 செலவானதும், அதாவது மானி 140 காட்டியதும், திரும்பிவிட வேண்டும். கேட்க ரொம்பப் பாதுகாப்பாக இருக்கிறது. ஆனால் திரும்புகிற அந்த இடத்தில் கூட வந்தவருடைய காற்று மொத்தமாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்களுடைய 140-ஐ இரண்டு பேர் சுவாசிக்க வேண்டும், ஆளுக்கு 70, வாசலைத் தொடும்போது மானியில் பூஜ்யம். அதுவும் இருவரும் போகும்போது இருந்த அதே நிதானத்தோடு மூச்சு விட்டால்! பயந்துபோனவர் அப்படியா விடுவார்? 30 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஆவதைப்போல நாலு மடங்கு காற்று செலவாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வண்டல். வருஷக்கணக்கில் அசையாமல் படிந்திருக்கும் மாவு மாதிரியான மண்ணில் காலில் மாட்டியிருக்கும் ஃபின் ஒரு தடவை பட்டால் போதும், தண்ணீர் முழுக்கக் கலங்கிவிடும். பனியில் ஹைபீம் போட்டு ஓட்டியிருந்தால் தெரியும், விளக்கு எவ்வளவு பெரியதோ அவ்வளவு வெள்ளையாகத் திரை போடும். அப்போது இருப்பதெல்லாம் வாசலிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மெல்லிய நைலான் கயிறு ஒன்றுதான். வாசல் எந்தப் பக்கம் என்பதைக்கூட அதில் மாட்டியிருக்கும் அம்புக்குறி வில்லையைத் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து நிமிடத்தில் வந்த தூரத்தை இப்படித் தடவித் தடவிக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? மேலே போட்ட கணக்கு இங்கேயே உடைகிறது.

இதெல்லாம் தெரியாமல் இறந்தவர்கள் இல்லை. ஷெக் எக்ஸ்லி, ஃபுளோரிடாவில் கணக்கு வாத்தியார், விபத்துகளை அலசி இந்த விதிகளைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். 1994 ஏப்ரலில் மெக்சிகோவின் ஸகாட்டோன் குழியில் 260 மீட்டருக்கும் கீழே போனவர் உயிரோடு திரும்பவில்லை.

டேவ் ஷா கதைதான் எனக்கு மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. ஆஸ்திரேலிய விமானி, சோதித்துச் சோதித்து வேலை செய்கிற ஆள். தென்னாப்பிரிக்காவின் புஷ்மேன்ஸ் ஹோலில் 2004-ல் 270 மீட்டர் ஆழத்துக்குப் போனபோது, பத்து வருடத்துக்கு முன் அங்கே இறந்த இருபது வயதுப் பையனின் உடலைப் பார்த்தார். அதை மேலே கொண்டுவர 2005 ஜனவரி 8 அன்று மறுபடி இறங்கினார். வழக்கமாக விளக்கின் ஒயரைக் கழுத்தில் போட்டுக்கொள்வார். அன்று தலைக்கவசத்தில் கேமரா இருந்ததால் முடியவில்லை. எலும்புக்கூடாகக் கிடக்கும் என்று நினைத்த உடல் மிதக்கத் தொடங்கியது, விளக்கின் ஒயர் அங்கிருந்த கயிறுகளில் சிக்கியது. அந்த ஆழத்தில் மூச்சுக்காற்றே கெட்டியாகிவிடும், உடம்பை வருத்தி வேலை செய்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் சேரும், சேரச் சேர மூச்சு வேகமெடுக்கும், அந்த வேகத்தால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அவருடைய கேமராவிலேயே அந்த மூச்சு பதிவாகியிருக்கிறது. நாலு நாள் கழித்துக் கயிறுகளை மேலே எடுத்தபோது இரண்டு உடல்களும் சேர்ந்து வந்தன. அவரைக் கொன்றது ஒரு ஒயர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எந்த வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுப்பார்கள்?

தாய்லாந்தின் தாம் லுவாங் குகை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2018 ஜூலையில் உள்ளே சிக்கிக்கொண்ட பையன்களை மயக்க மருந்து கொடுத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள், தண்ணீருக்குள் ஒருவன் திமிறினால் அவனும் போவான், கூட்டிவருகிறவரும் போவார். அதற்கு முன்பே, சிலிண்டர் வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குனான் வழியில் நினைவிழந்து இறந்துவிட்டார். கடற்படையின் சீல் பிரிவில் இருந்தவர்.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால் அதே ஜின்னியில் பால்ரூம் என்று ஒரு அறை இருக்கிறது, அங்கே டார்ச் அனுமதி உண்டு. உள்ளே தண்ணீர் வருகிற வழியைக் கம்பி வைத்து அடைத்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம் போயிருந்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீரோட்டம் ஆளையே பின்னால் தள்ள, மறு கையால் டார்ச்சை அந்தப்பக்கம் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் கொஞ்ச தூரம் போய், ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டது.