கார்ஃபீல்ட் கொலையும் அரசு வேலைச் சட்டமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க அதிபர் கொலைகளைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளில் லிங்கனுக்கும் கென்னடிக்கும் பக்கம் பக்கமாக இடம் கிடைத்திருக்கிறது. ஜேம்ஸ் கார்ஃபீல்டை இரண்டு பத்திகளில் கடந்துவிட்டீர்கள். வேறு எங்கே தேடினாலும் ஒரே கதைதான் கிடைக்கிறது: வேலை கிடைக்காத ஒருவன் சுட்டான், கை கழுவாத டாக்டர்கள் கொன்றார்கள், அந்தச் சாவால் அமெரிக்காவில் அரசு வேலைக்குத் தேர்வுமுறை வந்தது. இது எவ்வளவு தூரம் சரி? அதிபர் இரண்டரை மாதம் படுக்கையில் கிடந்தபோது நாட்டை யார் நடத்தினார்கள்? ஒரு கொலை ஒரு நிர்வாகத்தையே திருத்திவிடுமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

நீங்கள் சொல்லும் கதையின் நடுப்பகுதி, டாக்டர்கள்தான் கொன்றார்கள் என்பது, கொலைகாரனே நீதிமன்றத்தில் வைத்த வாதம். ‘நான் சுட்டேன், கொன்றது டாக்டர்கள்’ என்று சார்லஸ் கிட்டோ விசாரணை நெடுகச் சொல்லிக்கொண்டிருந்தான். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் மருத்துவ வரலாறு பாதிக்குமேல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதனால் உடம்பில் என்ன நடந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

1881 ஜூலை 2, காலை. வாஷிங்டனில் பால்டிமோர் அண்ட் பொட்டோமாக் ரயில் நிலையம். பதவியேற்று நான்கே மாதம் ஆன கார்ஃபீல்ட், வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பிளெய்னோடு உள்ளே நடந்துவருகிறார். மெய்க்காவலர் என்று ஒருவர்கூட இல்லை. கிட்டோ பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிப் போனது. இன்னொன்று முதுகின் வலப்பக்கம், தண்டுவடத்திலிருந்து ஏறத்தாழ நாலு அங்குலம் தள்ளி நுழைந்தது. பதினோராவது விலா எலும்பை முறித்து, இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பைத் துளைத்து, தண்டுவட நரம்பைத் தொடாமல் இடப்பக்கம் கடந்து, கணையத்துக்குக் கீழே போய் நின்றது. இதையெல்லாம் பிரேதப் பரிசோதனைக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். உயிரோடு இருந்தவரை, குண்டு வலப்பக்கமாகக் கீழே இறங்கியிருக்கிறது என்றே முடிவுகட்டியிருந்தார்கள்.

ரயில் நிலையத்துத் தரையில் கிடந்தபோதே முதலில் வந்த மருத்துவர் காயத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அடுத்து வந்த டாக்டர் வில்லார்ட் பிளிஸ், ராபர்ட் லிங்கன் (கொல்லப்பட்ட லிங்கனின் மகன், அப்போது போர்த்துறை அமைச்சர்) சொல்லியனுப்பி வந்தவர். பிளிஸ் விரலோடு நிற்கவில்லை, நெலாத்தோன் கம்பியையும் விட்டார். அந்தக் கம்பியின் நுனியில் பளபளப்பு ஏற்றாத பீங்கான் உருண்டை இருக்கும். ஈயத்தில் பட்டால் கறுப்புக் கோடு விழும், எலும்பில் பட்டால் விழாது. குண்டையும் எலும்பையும் பிரித்தறிய நல்ல கருவிதான். ஆனால் குண்டு போகாத திசையில் விட்டால் அதனால் எந்தப் பயனும் இல்லை. பிளிஸ் விட்ட கம்பி முறிந்த விலாத் துண்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அதை விடுவித்து எடுப்பதற்குள் கார்ஃபீல்ட் பட்ட வேதனை கொஞ்சமல்ல.

அறுவைக்கு முன் கார்பாலிக் அமிலத்தால் கையையும் கருவியையும் சுத்தம் செய்ய வேண்டும் என்று பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் சொல்லிப் பதினாலு வருடம் ஆகியிருந்தது. 1876-ல் அவரே பிலடெல்பியாவுக்கு வந்து அமெரிக்க மருத்துவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருந்தார். இளைய மருத்துவர்கள் சிலர் கடைப்பிடித்தார்கள். பெயரும் அனுபவமும் பெற்ற பெரியவர்களில் பலர் கண்ணுக்குத் தெரியாத கிருமியை நம்பத் தயாராக இல்லை. உள்நாட்டுப் போரில் உடம்பில் குண்டை வைத்துக்கொண்டே பல வருடம் வாழ்ந்த சிப்பாய்கள் நிறையப் பேர் இருந்தார்கள். உறுப்புகளைச் சிதைக்காத குண்டை அப்படியே விட்டால் உடம்பு அதைச் சுற்றி ஒரு உறை கட்டிக்கொள்ளும். கார்ஃபீல்டின் உடம்பும் அதைத்தான் செய்திருந்தது. பரிசோதனையில் குண்டு உறைக்குள் பத்திரமாக இருந்தது.

கெடுதல் முழுக்க எதிர்ப்பக்கத்தில் நடந்தது. ஜூலை 23-ல் குளிரும் காய்ச்சலும் கண்டன. அடுத்தடுத்து கீறி வடிகால் வைத்தார்கள். சீழ் காயத்திலிருந்து சிறுநீரகத்தை ஒட்டிக் கீழிறங்கி, வலது தொடைச்சந்து வரைக்கும் ஒரு குடைவு உண்டாக்கியது. அந்தக் குடைவைத்தான் குண்டு போன வழி என்று நினைத்தார்கள். கம்பி தடையில்லாமல் உள்ளே போகப் போக, தங்கள் கணிப்பு சரி என்ற நம்பிக்கையும் வளர்ந்தது. ஆகஸ்டில் வலது கன்னத்தின் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கிச் சீழ்பிடித்தது. ரத்தத்தில் நச்சு பரவிவிட்டது என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம். அப்போதும் நம்பிக்கையூட்டும் அறிக்கைகள் நாள்தோறும் வெளியாகிக்கொண்டிருந்தன. வயிறு எதையும் தாங்காததால் மாட்டிறைச்சிச் சாறு, முட்டை மஞ்சள் கரு, விஸ்கி, சில துளி அபின் கலந்து ஆசனவாய் வழியாகச் செலுத்தினார்கள். பெருங்குடல் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சும், இறைச்சிச் சாற்றைக் கொண்டு உடம்பு வளர்க்காது. 90 கிலோவுக்கு மேல் இருந்த மனிதர் 60 கிலோவுக்கு வந்தார்.

தொலைபேசி கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதில் நுழைந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழை எங்கே இருந்தது என்பது அதில் துலக்கமாகத் தெரிகிறது. இரண்டு கம்பிச் சுருள்கள், விட்டுவிட்டுப் பாயும் மின்சாரம், ஒரு தொலைபேசிக் காதுக்குழல். இரண்டு சுருள்களின் தூண்டலும் ஒன்றையொன்று ஈடுகட்டும்வரை காதில் சத்தம் வராது. அருகில் உலோகம் வந்தால் சமநிலை குலைந்து ஒலி கேட்கும். உடம்பில் குண்டு தங்கியிருந்த பழைய சிப்பாய்களிடம் சோதித்துப் பார்த்து, வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே கொண்டுவந்தார். ஜூலை 26-ல் முதல் முயற்சி. இணைப்பில் ஏற்பட்ட தவறால் இரைச்சல் மட்டும் வந்தது. ஆகஸ்ட் 1-ல் இரண்டாவது முயற்சி. இந்தமுறை ஒரு புள்ளியில் அல்லாமல், பரந்த இடம் முழுக்க மெல்லிய ஒலி கேட்டது. காரணம் பிறகு தெரிந்தது: குதிரைமயிர் மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பி பின்னிய இன்னொரு மெத்தை இருந்தது. அதைவிட முக்கியம், பிளிஸ் வலப்பக்கத்தை மட்டுமே தடவிப் பார்க்கவிட்டார். இடப்பக்கம் கருவியை நகர்த்தியிருந்தாலும் குண்டு ஆழத்தில் இருந்ததால் அகப்பட்டிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் நகர்த்தவே இல்லை. அந்தத் தெளிவற்ற ஒலியைத் தன் கணிப்புக்குச் சான்றாகவும் பிளிஸ் காட்டிக்கொண்டார். அறையில் இருந்த ஒரே நல்ல கருவியை, முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்ட ஒருவர் கையாளவிட்டதுதான் பெருங்குற்றம் என்று நான் நினைக்கிறேன். கை கழுவாதது அந்தக் காலத்தின் பிழை. மாற்றுக் கருத்துள்ள மருத்துவர்களை முதல் நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பியது பிளிஸின் பிழை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. செப்டம்பர் 19 இரவு 10:35-க்கு, நியூஜெர்சியின் எல்பெரானில், உயிர் போனதற்கு நேரடிக் காரணம் மண்ணீரல் தமனி உடைந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியது. அந்தத் தமனி குண்டு போன பாதையை ஒட்டி இருந்தது. குண்டு அதன் சுவரைக் காயப்படுத்தி, அது மெல்ல உப்பி வெடித்திருந்தால், எவ்வளவு சுத்தமான கையானாலும் 1881-ல் தடுத்திருக்க முடியாது. இன்றைய அறுவை மருத்துவர்களிலும் இதையே வலியுறுத்துபவர்கள் உண்டு. என் கணிப்பு: சீழும் பட்டினியும் அவரை இற்றுப்போகச் செய்தன, முடித்துவைத்தது கிட்டோவின் குண்டு. கிட்டோ 1882 ஜூன் 30-ல் தூக்கிலிடப்பட்டான். அவன் மனநிலை பிறழ்ந்தவன் என்ற வாதத்துக்கு நல்ல ஆதாரம் இருந்தது. நடுவர் குழு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதைத் தள்ளிவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேர்ப்பதில்: யாரும் நடத்தவில்லை. நாடாளுமன்றம் கூடாத காலம், அமைச்சர்கள் அவரவர் துறையைப் பார்த்துக்கொண்டார்கள். 79 நாட்களில் கார்ஃபீல்ட் கையெழுத்திட்டது குற்றவாளி ஒருவனை வேறு நாட்டிடம் ஒப்படைக்கும் தாள் ஒன்றில்தான். துணை அதிபர் செஸ்டர் ஆர்தர் பொறுப்பேற்கலாமே என்றால், அரசியல் சாசனத்தில் சாவும் பதவி விலகலும் செயலிழப்பும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. 1841-ல் அதிபர் இறந்தபோது துணை அதிபர் டைலர் முழு அதிபராகவே ஆனார் என்ற முன்மாதிரி வேறு. அப்படியானால் கார்ஃபீல்ட் பிழைத்து எழுந்தால் பதவி திரும்புமா? அமைச்சரவை ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. ஆர்தரும் நகர மறுத்தார். அதற்கு அவருக்கு வலுவான காரணம் இருந்தது. ‘நான் ஸ்டால்வார்ட், இனி ஆர்தர்தான் அதிபர்’ என்று பிடிபட்ட உடனே கிட்டோ கத்தியிருந்தான். குடியரசுக் கட்சியில், அரசு வேலையைக் கட்சிக்காரர்களுக்கே கொடுக்கும் வழக்கத்தைக் காக்க நின்ற ராஸ்கோ காங்க்ளிங்கின் அணிதான் ஸ்டால்வார்ட் அணி, ஆர்தர் அதன் வளர்ப்பு. கொலையில் அவருக்குப் பங்கு இருக்குமோ என்று பேசாத ஊர் இல்லை.

அந்த நாட்களில் நியூயார்க்கில் நோயாளியாக வீட்டோடு இருந்த ஜூலியா சாண்ட் என்ற பெண் ஆர்தருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஊர் உங்களைச் சந்தேகிக்கிறது, கட்சி ஆளாக இருந்தது போதும், சீர்திருத்தம் செய்து காட்டுங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் கடிதம். தொடர்ந்து எழுதினார். ஆர்தர் சாவதற்கு முன் தன் காகிதங்களில் பெரும்பகுதியை எரிக்கச் செய்தார். ஜூலியாவின் 23 கடிதங்கள் தப்பித்தன. 1882 ஆகஸ்டில் ஆர்தர் முன்னறிவிப்பின்றி ஜூலியாவின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசிவிட்டும் வந்திருக்கிறார்.

செப்டம்பர் 20 அதிகாலை ஆர்தர் நியூயார்க்கில் தன் வீட்டில் பதவியேற்றபோது இன்னொரு ஓட்டை கண்ணில் பட்டது. செனட்டுக்கு இடைக்காலத் தலைவர் இல்லை, பிரதிநிதிகள் சபைக்குச் சபாநாயகர் இல்லை. வழியில் ஆர்தருக்கு ஏதாவது ஆனால் அடுத்து யாருமே இல்லை. அதனால் வாஷிங்டனுக்குக் கிளம்பும் முன் செனட்டைக் கூட்டும் அறிவிப்பை எழுதி, வெள்ளை மாளிகை முகவரிக்குத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் ரயிலேறினார். வாரிசு வரிசைக்கு 1886-ல் சட்டம் வந்தது. செயலிழந்த அதிபர் என்ற கேள்விக்கு, கென்னடி கொலைக்கும் பிறகு, 1967-ல் நிறைவேறிய 25-வது திருத்தத்தில்தான் விடை கிடைத்தது.

இனி தேர்வுமுறை. அன்று அரசு வேலை வென்ற கட்சியின் சொத்து. வேலையில் இருப்பவர் சம்பளத்தில் 2 முதல் 7 சதவீதம் வரை கட்சிக்குக் கட்ட வேண்டும். கட்டாதவர் அடுத்த மாதம் இருக்கமாட்டார். கார்ஃபீல்ட் செத்ததும் நாடு மனம் மாறிச் சட்டம் போட்டது என்பது அழகான கதை, தேதிகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சாவுக்குப் பிறகு பதினைந்து மாதம் எதுவும் நகரவில்லை. 1882 தேர்தலுக்குக்கூடக் குடியரசுக் கட்சிக் குழுத் தலைவர் ஜே ஹப்பெல் அரசு ஊழியர்களிடம் சம்பளத்தில் 2 சதவீதம் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். அந்தத் தேர்தலில் கட்சி பிரதிநிதிகள் சபையை இழந்தது. 1884-ல் அதிபர் பதவியும் போகலாம் என்று தெரிந்தது. போனால் தங்கள் ஆட்கள் அத்தனை பேரையும் எதிர்க்கட்சி துரத்திவிடும். புதிய சபை கூடும் முன், ஓஹையோ செனட்டர் ஜார்ஜ் பெண்டில்டனின் தேர்வுமுறை மசோதா அவசர அவசரமாக உயிர்பெற்றது. டிசம்பர் 27-ல் செனட்டில் 38-க்கு 5, ஜனவரி 4-ல் சபையில் 155-க்கு 47. 1883 ஜனவரி 16-ல் ஆர்தர், அதே முறையில் வளர்ந்த ஆர்தர், கையெழுத்திட்டார். சீர்திருத்தக்காரர்களுக்குக் கார்ஃபீல்டின் சாவு ஒரு முழக்கத்தைக் கொடுத்தது. வாக்குகளைக் கொண்டுவந்தது தோல்வி பயம்.

சட்டத்தின் உள்ளடக்கம் பலர் நினைப்பதைவிடச் சிறியது. வாஷிங்டன் துறை அலுவலகங்கள், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் சுங்க அலுவலகங்கள், அஞ்சல் அலுவலகங்கள் ஆகியவற்றில் எழுத்தர் வேலைகளுக்கு மட்டும் போட்டித் தேர்வு. மொத்த வேலைகளில் ஏறத்தாழ 10 சதவீதம். ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் பட்டியலில் இருந்தால் மூன்றாமவருக்கு இடமில்லை. அரசுக் கட்டடத்துக்குள் கட்சி நிதி கேட்டால் 5,000 டாலர் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. இதில் இல்லாதது என்னவென்றால், வேலையை விட்டு நீக்குவதற்கு எதிரான பொதுப் பாதுகாப்பு. நிதி தர மறுத்ததற்காக நீக்கக் கூடாது, அவ்வளவுதான். உள்ளே வரும் வாசலில் தேர்வு இருந்தால் வெளியே தள்ளுவதற்கு ஆசை இருக்காது என்று வரைந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். தகுந்த காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது என்பது 1897-ல் அதிபர் மெக்கின்லியின் ஆணையாகவும் 1912-ல் சட்டமாகவும்தான் வந்தது.

இந்தச் சின்னச் சட்டம் பெரிதானதற்கு ஒரே விதிதான் காரணம். எந்தப் பதவிகள் பட்டியலில் சேரும் என்பதை அதிபர் தன் ஆணையால் விரிக்கலாம். அடுத்தடுத்த நாலு தேர்தல்களிலும் வெள்ளை மாளிகை கட்சி மாறியது. பதவியை விட்டுப் போகும் அதிபர் ஒவ்வொருவரும் தான் நியமித்த ஆட்களைப் பட்டியலுக்குள் சேர்த்துவிட்டுப் போனார்கள். தன் ஆளைக் காப்பாற்றச் செய்த வேலை, பதவியைத் தேர்வுக்குரியதாக்கியது. நூற்றாண்டு முடிவதற்குள் பட்டியல் பாதி வேலைகளை நெருங்கிவிட்டது.

ஊழியர் சம்பளத்தில் கை வைக்க முடியாமல் போனதும் கட்சிகள் தேர்தல் செலவுக்கு வேறு இடம் தேடின. 1896-ல் மெக்கின்லிக்காக அவருடைய தேர்தல் வேலையை நடத்திய மார்க் ஹன்னா வங்கிகளிடமும் பெருநிறுவனங்களிடமும் போய்த் திரட்டிய பணத்தின் அளவு அதற்கு முன் எந்தத் தேர்தலும் பார்த்திராதது. நிறுவனங்கள் கூட்டாட்சித் தேர்தல்களுக்கு நேரடியாகப் பணம் தரக் கூடாது என்ற டில்மேன் சட்டம் 1907-ல் வந்தது.