மக்காச்சோளத்தை நிறுத்திவிட்டு இறைச்சி மாடுகளுக்கு வேறு ஆற்றல் தீவனம் கொடுத்தால் செரிமானம் கெடுமா?

கேள்வியின் கடைசியில், “மரவள்ளிச் சீவல் பாதி விலைக்குக் கிடைக்கிறது, நாளையிலிருந்தே மாற்றிவிடலாமா?” என்று சேர்த்திருக்கிறீர்கள். அதைப் படித்ததும் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. மக்காச்சோளம் விலை ஏறியிருக்கும். கடைசிக் கட்டக் கொழுப்பேற்றலில் ஒரு கொட்டகை நிறைய மாடுகள் நிற்கும். தரகர் ஒருவர் தினமும் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இறைச்சிக்கு மாடு வளர்ப்பது சரியா தவறா என்று வாதாட வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அது வேறு கேள்வி, அங்கே போய்ப் பேசுங்கள். வளர்க்கிற மாடு வயிற்று வலியோடு நிற்கக் கூடாது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது என்று நம்புகிறேன்.

மக்காச்சோளம் இல்லாமலேயே மாடு நன்றாகக் கொழுக்கும். ஒரு பொருளில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதைத் தீவன அட்டவணை சொல்லிவிடும். அந்த ஆற்றல் மாட்டின் முதல் வயிற்றுக்குள் (நான்கு அறைகளில் பெரியது, தீவனம் நொதிக்கும் இடம்) எவ்வளவு வேகமாக வெளிப்படும் என்பதைப் பெரும்பாலான அட்டவணைகள் சொல்வதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. செரிமானம் கெடுவதும் நிலைப்பதும் பெரும்பாலும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது.

தொட்டியில் நாம் போடுவதை முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள்தாம் முதலில் தின்கின்றன. அவை வெளியேற்றும் அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை வயிற்றுச் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. மாட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதி இந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. ஆகவே அமிலமே கெடுதல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமிலம் உண்டாகும் வேகத்துக்கு ஈடாக உறிஞ்சுதலும் உமிழ்நீரும் இருக்கும்வரை பிஹெச் அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 6-க்கு மேலேயே நிற்கும். அதற்குக் கீழே இறங்கினால் நாரைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் சோர்ந்துபோகும். 5.5 வாக்கில் தினமும் பல மணி நேரம் நின்றால், வெளியே எளிதில் தெரியாத அமிலநோய் வந்துவிட்டது என்று பொருள். 5-ஐ நெருங்கும்போது லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகிவிடுகின்றன. லாக்டிக் அமிலம் மற்ற மூன்றையும்விடச் சுமார் 10 மடங்கு வலுவானது. அதன் பிறகு சரிவை நிறுத்துவது கடினம்.

உமிழ்நீர் என்றேன். வளர்ந்த மாடு நன்றாக அசைபோட்டால் ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல்கூடச் சுரக்கும். அதிலிருக்கும் பைகார்பனேட்தான் அமிலத்தைத் தணிக்கிறது. அசைபோட நீளமான நார் வேண்டும். மாவாக அரைத்த தீவனத்தை மாடு அசைபோடாது.

மாவுச்சத்துள்ள எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் நொதிப்பதில்லை. கோதுமையும் பார்லியும் வேகமானவை. மக்காச்சோளம் அவற்றைவிட மெதுவானது, சோளம் இன்னும் மெதுவானது. சோளத்தில் மாவுத் துகள்களைச் சுற்றிக் கெட்டியான புரத உறை இருக்கிறது. அதனால்தான் உடைக்காத சோளம் போட்டால் சாணத்தில் முழுமுழுதாக வந்து விழுகிறது. மரவள்ளி மாவுக்கு அப்படிப்பட்ட உறை எதுவும் கிடையாது. உலர்ந்த சீவல் நுண்ணுயிரிகளின் கையில் சிக்கியதுமே கரையத் தொடங்கிவிடும்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. ஒரு பெரிய கொட்டகையில் தீவனப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவன் நான். மக்காச்சோளம் கிடைப்பது தாமதமான ஒரு சமயத்தில் மரவள்ளிச் சீவல் வந்து இறங்கியது. முதலாளி வெளியூரில் இருந்தார். நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட அவருடைய தம்பியிடம், இரண்டு மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம் என்று சொன்னேன். புண்ணாக்கையும் கூட்ட வேண்டும் என்றேன். “மாவுச்சத்துதானே அண்ணா? தானியத்தில் இருந்தால் என்ன, கிழங்கில் இருந்தால் என்ன?” என்று சிரித்தார். நான் வீட்டுக்குப் போன பிறகு, மாலைத் தீவனத்திலேயே மக்காச்சோளம் முழுவதையும் எடுத்துவிட்டு எடைக்கு எடை சீவலைப் போடச் சொல்லிவிட்டார். வைக்கோலையும் குறைத்திருக்கிறார், கலவை இயந்திரத்தில் சுற்றிக்கொள்கிறது என்று.

அன்றிரவு தொட்டி துடைத்துவைத்ததுபோல் காலியாகியிருந்தது. அவருக்கு ஒரே மகிழ்ச்சி. மாடுகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது என்று என்னிடமே சொன்னார்.

காலையில் நான் முதலில் பார்த்தது தொட்டியை அல்ல, தரையை. சாணம் சாம்பல் நிறத்தில் கஞ்சிபோல் பரந்து கிடந்தது. மேலே சிறு சிறு குமிழிகள், பக்கத்தில் போனால் புளித்த வாடை. சிலவற்றில் நூல்நூலாகச் சளி. வெயில் ஏறும் நேரத்தில் படுத்திருக்கும் மாடுகளில் பாதியாவது அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். அன்று வாய் அசைந்த மாடுகளைத் தேட வேண்டியிருந்தது. காலைத் தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. அடர் தீவனத்தை, அதாவது நார் குறைந்த ஆற்றல் தீவனத்தை, முழுவதும் நிறுத்தினேன். நீளமான உலர்புல்லைப் போடச் செய்தேன். கால்நடை மருத்துவரை வரவழைத்தேன். தம்பி என்னைத் தடுக்கவில்லை, பேசவும் இல்லை.

நன்றாக வளர்ந்த, மற்றவற்றை முட்டித் தள்ளிவிட்டு முதலில் தின்னும் மாடுகள்தாம் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. அந்த மந்தையிலேயே பெரிய காளை எழுந்திருக்கவில்லை. கண் குழிந்துவிட்டது. இடது விலாவை அழுத்தினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் ஓசை கேட்டது. வயிற்றில் அமிலச் செறிவு கூடும்போது அது உடம்பிலுள்ள நீரை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். மருத்துவர் குழாய் வழியாக அமிலத்தைத் தணிக்கும் மருந்து ஊற்றினார், இரத்தக்குழாயில் திரவம் ஏற்றினார். காளை பிழைக்கவில்லை.

மற்றவை தேறின. ஆனால் தேறியது என்று சொல்வதில் ஒரு பொய் இருக்கிறது. ஒரு நாள் நன்றாகத் தின்றுவிட்டு மறுநாள் பாதியை மிச்சம் வைப்பது பல வாரங்களுக்குத் தொடர்ந்தது. சில மாடுகள் குளம்பு வலியால் நொண்டின. பிறகு இறைச்சிக்கூடத்தில், பார்க்க நன்றாக இருந்த மாடுகளின் ஈரல்கள்கூடச் சீழ்க்கட்டி இருக்கிறது என்று ஒதுக்கப்பட்டன. அமிலத்தால் புண்ணான வயிற்றுச் சுவர் வழியாக ஃபியூசோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரி இரத்தத்தில் கலந்து ஈரலில் போய்த் தங்கிவிடுகிறது. மாடு உயிரோடு இருக்கும்வரை இது பெரும்பாலும் தெரியாது.

எனக்கு இன்றுவரை ஆறாதது வேறு. முதலாளி திரும்பி வந்ததும் அவரிடம் சொல்லப்பட்ட காரணம், “கிழங்கில் விஷம்” என்பது. மரவள்ளியில் சயனைடு உண்டு, உண்மைதான். கசப்பு ரகங்களில் அதிகம். ஆனால் சீவி வெயிலில் நன்றாக உலர்த்தும்போது பெருமளவு போய்விடும். சயனைடு தாக்கிய மாடு மூச்சுத் திணறி மிக விரைவாக விழும். இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். இரவெல்லாம் தின்றுவிட்டு மறுநாள் புளித்த சாணம் போடாது. மருத்துவரே அமிலநோய் என்று எழுதிக் கொடுத்தும், கொட்டகையில் இருந்தவர்கள் விஷக் கதையைத்தான் நம்பினார்கள். கிழங்கின் மேல் பழி போட்டால் மனிதர் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை அல்லவா.

பிறகு நான் வேறு இடத்தில் அதே மரவள்ளிச் சீவலைத்தான் பயன்படுத்தினேன். மூன்று வாரங்களில் மெதுவாக ஏற்றி, மக்காச்சோளத்தில் ஒரு பகுதியை மட்டும் மாற்றி, நீளமான நாரில் கைவைக்காமல். இன்னொன்றும் கவனித்தேன். மக்காச்சோளத்தில் 8 முதல் 9 சதவீதம் புரதம் இருக்கிறது. மரவள்ளிச் சீவலில் 2, 3 சதவீதம்தான். அந்தக் குறையை ஈடுகட்டாவிட்டால் நுண்ணுயிரிகளுக்கு நைட்ரஜன் போதாது. மாவுச்சத்து நிறைய இருந்தும் நார் செரிமானம் மந்தமாகும். புண்ணாக்கும், யூரியாவுக்குப் பழக்கிய மாடுகளுக்குக் கொஞ்சம் யூரியாவும் சேர்த்தேன். மாடுகள் நிதானமாகத் தின்றன, சாணம் கெட்டியாக மடிந்து விழுந்தது. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை.

அந்தக் கலவையின் அட்டவணையை இங்கே போடுங்கள் என்று கேட்காதீர்கள். ஒருமுறை நண்பர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அது ஊர் சுற்றி வேறொருவர் பெயரோடு, ‘ரகசியக் கலவை’ என்ற தலைப்போடு எனக்கே திரும்பி வந்தது. என் பெயர் போனால் போகட்டும். யூரியா அளவில் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப் போயிருந்தது! மொத்தத் தீவனத்தின் உலர்எடையில் (தண்ணீர் நீக்கிய எடையில்) 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத பொருள் அது. தாண்டினால் அம்மோனியா நஞ்சாகி மாடு செத்துப்போகும். அனுப்பியவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “எனக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன்” என்றார். எல்லோரும் வந்ததை அப்படியே அனுப்புகிறார்கள். புள்ளியை நகர்த்தியவர் மட்டும் யாரும் இல்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாத புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரவள்ளிதான் வேண்டும் என்று இல்லையானால், மாவுச்சத்து இல்லாமலே ஆற்றல் தரும் பொருள்களைப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்தது சர்க்கரை பீட் கிழங்குச் சக்கை. இதில் இருப்பது பெக்டினும் எளிதில் செரிக்கும் நாரும். பெக்டின் வேகமாகத்தான் நொதிக்கிறது, ஆனால் விளைவது பெரும்பாலும் அசிட்டிக் அமிலம். லாக்டிக் அமிலம் மிகக் குறைவு. பிஹெச் இறங்கினால் பெக்டினைச் சிதைப்பதும் தானாகவே மட்டுப்பட்டுவிடும். மாவுச்சத்துக்கு இந்த அடக்கம் கிடையாது. ஆரஞ்சு வகைப் பழச்சக்கையும் ஏறக்குறைய இதே குணம்தான். ஆனால் அதில் சர்க்கரையும் இருப்பதால் அளவு மீறக் கூடாது. உலர்த்தும்போது சுண்ணாம்பு சேர்ப்பதால் சுண்ணாம்புச்சத்து அதிகமாகவும் பாஸ்பரஸ் குறைவாகவும் இருக்கும்.

சோயாத் தோல் நல்ல பொருள். நார் அதிகம், ஆனால் மரத்தன்மை குறைவு என்பதால் நன்றாகச் செரிக்கும். புல்லும் வைக்கோலும் அதிகமுள்ள தீவனத்தில் மக்காச்சோளத்துக்கு அருகிலேயே நிற்கும். தானியம் சேர்த்தால் வைக்கோல் செரிப்பது குறையும். சோயாத் தோலில் அந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. கடைசிக் கட்ட அடர் தீவனத்தில் மட்டும் மக்காச்சோளத்துக்குப் பின்தங்கிவிடும். நார் அதிகம் என்பதால் வைக்கோல் தேவையில்லை என்று எண்ணிவிடாதீர்கள்; துகள் சிறியது, அசைபோட வைக்காது.

எத்தனால் ஆலைகளிலிருந்து வரும் தானியச் சக்கையைப் பலர் பாதுகாப்பானது என்பார்கள். மாவுச்சத்து போய்விட்டது, சரி. அது போனதால் மீதமுள்ளவை ஏறக்குறைய 3 மடங்காகச் செறிந்துவிடுகின்றன: புரதம், கொழுப்பு, பாஸ்பரஸ். ஆலையில் சேர்க்கும் கந்தக அமிலத்தால் கந்தகமும் கூடும். அடர் தீவனம் மிகுந்த உணவில் மொத்தக் கந்தகம் 0.3 சதவீதத்தைத் தாண்டினால் கவனம் தேவை. முதல் வயிற்றில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடால் மூளை பாதிக்கப்பட்டு, மாடு பார்வையிழந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். குடிநீரிலும் கந்தகம் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாஸ்பரஸ் கூடுவதால் காயடித்த காளைகளுக்குச் சிறுநீர்க்கல் வரும். சுண்ணாம்புத் தூள் சேர்த்துச் சுண்ணாம்புச்சத்தையும் பாஸ்பரஸையும் 2-க்கு 1 என்ற விகிதத்துக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்பரஸ் விஷயத்தில் கோதுமைத் தவிட்டுக்கும் இதே எச்சரிக்கை.

எண்ணெய், கொழுப்பு, எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு ஆகியவற்றைப் பற்றி ஒன்று மட்டும். மொத்தத் தீவனத்தில் கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் நாரைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் முடங்கும். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு 10 சதவீதம் வரை பரவாயில்லை. தூசியை அடக்கும், ருசி கூட்டும். அதற்கு மேல் போனால் சாணம் இளகும்.

உங்கள் தரகர் ஈரச் சக்கையையும் காட்டினால், விலையை உலர்எடைக்குக் கணக்கிடுங்கள். 70 சதவீதம் தண்ணீர் உள்ள பொருளில் ஏறக்குறைய 3 கிலோ போட்டால்தான் ஒரு கிலோ மக்காச்சோளத்தின் உலர்எடை சேரும். வெயில் காலத்தில் சில நாள்களிலேயே பூசணம் பிடிக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வியில் மாடுகளின் எடை, இப்போது எந்த நார்த் தீவனத்தை எவ்வளவு கொடுக்கிறீர்கள், மக்காச்சோளத்தை அரைத்துப் போடுகிறீர்களா உடைத்தா என்பதைச் சேர்த்து எழுதுங்கள். முதல் வாரத்தில் சீவலை எவ்வளவு போடலாம் என்று அப்போது சொல்கிறேன். அதுவரை அந்தத் தரகரைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.