ஆதித் திருச்சபையின் வேதசாட்சிகளில், அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களில், பெர்பெத்துவாவுக்கு ஏன் தனி இடம்?

கிறிஸ்தவர் என்பதற்காக அடைக்கப்பட்ட சிறையில் பட்டதை அவரே எழுதி வைத்ததுதான் முதல் காரணம். கிறிஸ்தவப் பெண் ஒருவர் எழுதி நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது.

ஊர் கார்த்தேஜ், இன்றைய துனிசியாவில் இருக்கிறது. வசதியான குடும்பம், வயது 22 இருக்கும், கையில் பால்குடிக் குழந்தை. வயதான அப்பா வந்து, தன் நரைத்த முடிக்காகவாவது விசுவாசத்தை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறார். அவருக்காக இவர் வருந்துகிறார், ஆனாலும் ரோமப் பேரரசருக்காகப் பலி செலுத்த மறுக்கிறார். குழந்தையை உடன் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சிறையே அரண்மனையாகிவிட்டது என்று எழுதுகிறார். எனக்கு மிகவும் நெருக்கமான வரி அதுதான்.

கி.பி. 203இல் விலங்குகள் முன் தள்ளப்பட்டு, கடைசியில் வாளால் கொல்லப்பட்டார். சிறையிலேயே பிரசவித்த அடிமைப் பெண் பெலிசித்தாவும் உடன் இறந்தார். அப்புறம், இருவர் பெயரும் கத்தோலிக்கத் திருப்பலியில் (பூசையில்) குரு சொல்லும் மன்றாட்டுகளில் ஒன்றான முதலாம் நற்கருணை மன்றாட்டில் இன்றும் சேர்ந்தே வருகின்றன.